முதல் அடியில் குத்தும் குதிகால்

காலையில் எழுந்து தரையில் வைக்கும் முதல் அடியில் முள் தைத்ததுபோல் குதிகால் வலிக்கும். சிறிது நடந்ததும் தணியும். நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மீண்டும் குத்தும். ஏற்காட்டிலிருந்தும் சேர்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்தும் எங்களிடம் வருவோர் பலர் இப்படித்தான் சொல்கின்றனர். ‘உடம்புச் சூடு’ என்று எண்ணிப் பல மாதங்கள் பொறுத்திருந்தோரும் அவர்களில் உண்டு.

குதிகால் எலும்பிலிருந்து விரல்கள்வரை, உள்ளங்கால் வளைவைத் தாங்கியபடி தடித்த சவ்வு ஒன்று செல்கிறது. ஓயாத இழுவையால் அது எலும்பைப் பற்றியிருக்கும் இடத்தில் நைந்துபோவதே பெரும்பாலும் இவ்வலிக்குக் காரணம். மேடேறி இறங்கும் வாழ்க்கையில் கெண்டைக்கால் தசை இறுகினால், அந்த இழுவையும் கூடும். தேய்ந்த ரப்பர் செருப்புடன் சரிவில் நாள் முழுதும் நின்று காப்பிப் பழம் பறிப்போருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. உடல் எடை மிகுதலும் ஒரு காரணம்.

எக்ஸ்ரேயில் ‘எலும்பு வளர்ந்திருக்கிறது’ என்று கேட்டதும் பலர் அஞ்சுகின்றனர். வலியே இல்லாத பலருக்கும் அவ்வளர்ச்சி காணப்படுகிறது. அதை வெட்டியெடுக்கும் தேவை மிக அரிது.

மருந்தைவிட முதன்மையானது பயிற்சி. படுக்கையைவிட்டு இறங்குமுன், வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் வைத்து, கால்விரல்களை முழங்காலை நோக்கி இழுத்துப் பத்து எண்ணும்வரை நிறுத்துக. இவ்வாறு 10 முறை. நாளுக்கு 3 வேளை. பின்னர், சுவரில் கையூன்றி, வலிக்கும் காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் 30 நொடி கெண்டைக்காலை நீட்டுக. குதிப்பகுதி மெத்தென்ற செருப்பை வீட்டுக்குள்ளும் அணிக. வீட்டார் அதைக் கட்டிலருகிலேயே வைத்துவிட்டால் பாதி மறதி தீரும்.

பெரும்பாலானோர் அறுவையின்றியே குணமடைகின்றனர். ஆயினும் அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட ஆகலாம். இரண்டு வாரத்தில் பயிற்சியைக் கைவிட்டு ‘ஊசி போடுங்கள்’ என்று கேட்போரையே நாங்கள் மிகுதியாகக் காண்கிறோம். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்புத் திண்டு மெலியவும் கூடும்.

ஓய்விலும் இரவிலும் தணியாத வலி, வீக்கம், காய்ச்சல், மரத்துப்போதல், அடிபட்டபின் காலூன்ற இயலாமை ஆகியவை இருப்பின் தாமதியாமல் வருக. இளவயதினருக்கு இரு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் விறைத்திருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியோர் வெந்நீர், பனிக்கட்டி ஒத்தடங்களைத் தாமாகச் செய்துகொள்ளற்க. தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.