லாபத்தில் வங்கி, முடக்கத்தில் பங்கு

ரஷ்யாவின் மிகப் பெரிய வங்கி ஸ்பெர்பேங்க். உக்ரைன் போர் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், 2022 மார்ச் 2 அன்று, லண்டன் சந்தையில் அதன் பங்குக்கு ஈடாக வர்த்தகமாகும் வைப்பு ரசீது ஒரு அமெரிக்க சென்ட் அளவுக்குச் சரிந்தது. மறுநாள் பல ரஷ்ய நிறுவனங்களின் வர்த்தகத்தையே லண்டன் நிறுத்திவிட்டது. பிப்ரவரி 28 முதல் மூடிக்கிடந்த மாஸ்கோ பங்குச் சந்தை, மார்ச் 24-ல் 33 பங்குகளுடன் திறந்தபோது வெளிநாட்டினர் விற்கத் தடை இருந்தது. உலகின் பல நிதி நிறுவனங்கள் பின்பற்றும் எம்.எஸ்.சி.ஐ. வளரும் சந்தைக் குறியீட்டிலிருந்து ரஷ்யா நீக்கப்பட்டது. அப்போது அதன் பங்குகளுக்கு வைத்த மதிப்பு, ஏறக்குறைய பூஜ்ஜியம்.

ஸ்பெர்பேங்க் திவாலாகவில்லை. 2023-ல் 1.5 லட்சம் கோடி ரூபிள் லாபம் ஈட்டியது. ஆனால் ரஷ்யப் பங்குகளை வைத்திருந்த மேற்கத்திய முதலீட்டாளர்களுக்குரிய ஈவுத்தொகை, அந்நாட்டிலேயே முடக்கப்பட்ட ‘சி’ வகைக் கணக்குகளில் தேங்கியது. வெளிநாட்டுப் பங்கு நேராக நம் கையில் இருப்பதில்லை. தரகர், பாதுகாவலர் வங்கி, அந்நாட்டு டெபாசிட்டரி எனப் பலர் வழியாகத்தான் அது நம்முடையதாகிறது. நடுவில் ஒருவர் மீது பொருளாதாரத் தடை விழுந்தாலும் உரிமை காகிதத்தோடு நின்றுவிடும்.

எல்லா அரசியல் குழப்பமும் இப்படி முடிவதில்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்த மறுநாள், 2016 ஜூன் 24-ல், டாலருக்கு எதிரான பவுண்டு மதிப்பு 30 ஆண்டுகளில் இல்லாத அளவு வீழ்ந்தது. எஃப்.டி.எஸ்.இ. 100 குறியீடு 3 சதவீதம் இறங்கினாலும் ஒரு வாரத்துக்குள் மீண்டது. அதிலுள்ள பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் பெரும்பகுதி வெளிநாடுகளில் ஈட்டப்படுவது. பவுண்டு மலிந்ததும் அந்த வருமானம் பவுண்டுக் கணக்கில் கூடியது. உள்நாட்டு வியாபாரத்தை அதிகம் சார்ந்த நடுத்தர நிறுவனங்களின் 250 குறியீடோ 7 சதவீதம் விழுந்தது. 100 குறியீடு மீண்டபோதும் வெளிநாட்டு முதலீட்டாளருக்கு நாணய இழப்பு மிச்சமிருந்தது. அமெரிக்காவிலும், டிரம்பின் வரி அறிவிப்பைத் தொடர்ந்து 2025 ஏப்ரல் 3, 4 தேதிகளில் எஸ் அண்ட் பி 500 குறியீடு 10 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. வரிகளில் பெரும்பாலானவை 90 நாட்களுக்குத் தள்ளிவைக்கப்பட்டதும், 9-ம் தேதி ஒரே நாளில் 9.5 சதவீதம் ஏறியது.

விலைச் சரிவைப் பொறுமையால் கடக்கலாம். சட்டம் விற்கவிடாதபோது பொறுமைக்கு வேலையில்லை. ஆகவே “எவ்வளவு மலிவு?” என்பதற்கு முன் “பணத்தை வெளியே எடுக்க அந்தப் பங்குள்ள நாட்டின் அரசு விடுமா? அந்நாட்டின் மீது பொருளாதாரத் தடை வரக்கூடுமா?” என்று கேளுங்கள்.

இந்தியாவில் வசிப்பவர், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், முதலீட்டுக்காக அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (அனுப்பும்போதே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஒரே நாட்டில், முடங்கினால் குடும்பம் தாங்காத தொகையைப் போட வேண்டாம். முடங்கிய பங்கையும் வருமான வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியே ஆக வேண்டும்.