கணினிக் காலத்து அரண்

வன்னி நிலத்திற் பிறந்து வளர்ந்தோர்க்கு, ஓர் ஆவணத்தை இழப்பது எத்தகைய துன்பம் என்பதைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1990 களிலும், பின்னர் 2008, 2009 ஆம் ஆண்டுகளிலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைப் பெறுபேற்றுத் தாளையும் வழியிலே போக்கின. உயிர் தப்பி மீண்ட பின்னர், 'இக்காணி எம்முடையது', 'இப்பிள்ளை இன்ன நாளிற் பிறந்தது' என்று நிறுவுதற்பொருட்டுக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அவர்கள் நடந்த நடை சிறிதன்று. இன்று அத்தகைய ஆவணங்கள் தாளினின்று நீங்கிக் கணினியிற் குடிபுகுகின்றன. வங்கிக் கணக்கும், மருத்துவக் குறிப்பும், மின்சாரப் பட்டியலும், மாணவர் பெறும் புள்ளியும் அங்ஙனமே. அரசுக்குச் செலுத்தவேண்டிய பணத்தை இணையவழிச் செலுத்தும் 'கவ்பே' என்னும் முறையும் 2025 ஆம் ஆண்டு பெப்புருவரியிலே தொடங்கப்பெற்றது. தாளைத் தீயும் வெள்ளமும் போரும் அழித்தன. கணினியில் இருப்பதை அழிப்பது யாது, அதனைக் காப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

கணினிகளையும் அவற்றை இணைக்கும் வலையையும் தீயோரிடமிருந்து காத்தலை இணையவழிப் பாதுகாப்பு என்பர். அது மூன்றினைக் காக்க முயல்கின்றது. காணி உறுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதனைப் பார்க்க உரிமை இல்லாதார் பாராதிருத்தல் ஒன்று. அதிலுள்ள பெயரையும் எல்லையையும் ஒருவரும் களவாக மாற்றாதிருத்தல் மற்றொன்று. உடையவர் வேண்டியபோது அது கைக்கு எட்டுதல் மூன்றாவது. இம்மூன்றில் ஒன்று கெடினும் உறுதி உறுதியாகாது. மின்சாரம், நீர், மருத்துவமனை, வங்கி, தொலைத்தொடர்பு, துறைமுகம் என்பன நின்றுவிடின் நாடே நின்றுவிடும். ஆதலின் இவற்றை இன்றியமையா உட்கட்டமைப்பு எனத் தனியே வகுத்து, இவற்றுக்கெனத் தனிக்காவலை உலக நாடுகள் வகுத்து வருகின்றன.

இனி, தீங்கு வரும் வழியை நோக்குவோம். எம் நண்பர் ஒருவர் இந்நகரிலே உரமும் விதையும் விற்பவர். போகம் முடிந்து தருவதாகக் கமக்காரர் பெற்ற கடன்களையெல்லாம் ஆறாண்டுகளாகக் கணினியிலேயே பதிந்து வந்தார். ஒருநாள் விலைப்பட்டியல் போன்ற மின்னஞ்சல் ஒன்று வந்தது. கடைப்பையன் அதனைத் திறந்தான். மறுநாட் காலையிற் கோப்புக்கள் யாவும் பூட்டப்பட்டுக் கிடந்தன. பணம் செலுத்தினாற் சாவி தரப்படும் என்ற அறிவித்தல் மாத்திரமே திரையில் நின்றது. இதனைக் கப்பம் கோரும் நிரல் என்க. மேலதிகப் பிரதி ஒன்று இருந்தது. ஆயின் அது அதே கணினியிற் செருகியபடியே இருந்தமையால் அதுவும் பூட்டுண்டது. கடன்பட்ட கமக்காரர் பலர் தாமே வந்து, தத்தம் பற்றுச்சீட்டைக் காட்டி, 'ஐயா, நான் இவ்வளவு தரவேண்டும்' என்று சொல்லிச் சென்றனர். கணினி கைவிட்ட இடத்தில் அவர்தம் நாணயம் கைகொடுத்தது. எனினும் நண்பர் வெட்கத்தினால் இச்செய்தியைக் காவல் நிலையத்துக்கோ வேறெவர்க்கோ அறிவித்திலர். இவ்வெட்கத்தைப் பற்றிப் பின்னருங் கூறுவோம்.

சிறு கடைக்கு நேர்ந்தது அரசுக்கு நேராதோவெனின், நேர்ந்தது. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியிலே, இலங்கை அரசின் மேகக்கணினி அமைப்பை இத்தகைய நிரல் ஒன்று தாக்கிற்று. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 இதனாற் பாதிப்புற்றன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்துசென்ற கடிதங்கள் மீட்க இயலாது போயின. காரணம் இரண்டு. பயன்படுத்திய மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு, காலாவதியாகியும் புதுப்பிக்கப்படவில்லை. மேலதிகப் பிரதிகள் அதே வலையில் இணைந்திருந்தமையால் அவையும் உடன் பூட்டுண்டன. வலைக்குப் புறம்பாக வைத்த பிரதி அக்காலப்பகுதிக்கு இல்லை. உரக்கடைக்காரர் செய்த பிழையும் ஓர் அரசு செய்த பிழையும் ஒன்றே என்பது ஈண்டுத் தெற்றென விளங்கும்.

மனிதர் விழிப்பு எத்துணைப் பயன் தரும் என்பதற்கும் நம் நாட்டோடு தொடர்புடைய சான்று உண்டு. 2016 ஆம் ஆண்டு பெப்புருவரியிலே பங்களாதேச மத்திய வங்கியின் கணினிகளுட் புகுந்த கள்வர், நியூயோர்க்கில் அவ்வங்கிக்கு இருந்த கணக்கினின்று ஏறத்தாழ 95 கோடி டொலரைப் பெயர்க்கக் கட்டளைகள் அனுப்பினர். அவற்றுள் 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் சென்றது. 2 கோடி டொலர் இலங்கை நிறுவனம் ஒன்றன் பெயருக்கு அனுப்பப்பெற்றது. அப்பெயரில் ஓர் ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தது. இடைநின்ற வங்கி அப்பிழையைக் கண்டு ஐயுற்று விளக்கம் கேட்கவே, பணம் நிறுத்தப்பட்டுத் திரும்பிற்று. எழுத்துப்பிழை பார்க்கும் ஆசிரியரை மாணவர் வெறுப்பதுண்டு. இரண்டு கோடி டொலரைக் காத்ததும் அத்தகைய கண்ணே.

பணத்தினும் பெரிது மின்சாரம். 2015 ஆம் ஆண்டு டிசெம்பர் 23 ஆந் திகதி, உக்ரேன் நாட்டின் மின்விநியோக நிறுவனங்கள் மூன்றனுட் புகுந்தோர், தொலைவிலிருந்தே ஆளிகளைத் திறந்துவிட்டனர். ஊழியர் பார்த்திருக்கவே திரையிலுள்ள சுட்டி தானே நகர்ந்தது. ஏறத்தாழ 2,25,000 பாவனையாளர் மாரியிருளில் மூழ்கினர். அதற்கும் தொடக்கம், மாதங்களுக்கு முன் வந்த மின்னஞ்சலோடு இணைந்த ஒரு கோப்பே. ஆயின் சில மணி நேரத்துள் மின்சாரம் மீண்டது. எங்ஙனமெனின், ஊழியர் வண்டியேறி உபநிலையந்தோறும் சென்று ஆளிகளைக் கையாலே மூடினர். பழைய கைத்தொழிலை அவர்கள் மறவாதிருந்தமையே அந்நாட்டைக் காத்தது.

இதனை வவுனியாவில் இருந்து நாம் சிந்தித்தல் தகும். தேசிய மின்வலையின் உயர்வழுத்த மின்சாரம் வவுனியா, கிளிநொச்சி வழியாகவே சுன்னாகத்தை அடைகின்றது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு அவ்வலையினின்று அறுபட்டுக் கிடந்ததை நம் மூத்தோர் அறிவர். 2025 ஆம் ஆண்டு பெப்புருவரி 9 ஆந் திகதி, பாணந்துறை உபநிலையத்திற் குரங்கு ஒன்று பட்டமையால் நாடு முழுவதும் மின்சாரம் இழந்ததையும் யாவரும் அறிவோம். அது கணினித் தாக்குதல் அன்று. ஆயினும் ஓரிடத்து ஊறு எல்லாவிடத்தும் பரவும் தன்மையை அது காட்டிற்று. குரங்கு அறியாது செய்ததை, அறிந்து செய்வார் உளராயின் விளைவு யாதாகும் என்று எண்ணுதல் அறிவுடையார் கடன்.

அயலிலே தமிழகத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் 2019 ஆம் ஆண்டிலே தீய நிரல் ஒன்று கண்டறியப்பட்டது. அது புகுந்தது நிருவாக வேலைக்குரிய கணினியொன்றில். உலையை இயக்கும் கணினிகள் வேறாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தமையால் அவற்றுக்குத் தீங்கில்லை என இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. வீட்டின் முன்விறாந்தைக்கும் பணப்பெட்டி இருக்கும் அறைக்கும் இடையே சுவரும் கதவும் வைத்தல்போல, அலுவலக வலையையும் இயந்திர வலையையும் பிரித்து வைத்தல் இத்துறையின் முதல் விதிகளுள் ஒன்று.

மற்றுமொரு செய்தி வன்னியார்க்கு வியப்பும் மகிழ்வும் தருவது. 2017 ஆம் ஆண்டு யூன் 27 ஆந் திகதி, உக்ரேனிலே கணக்கு மென்பொருள் ஒன்றன் வழியாகப் பரவிய தீநிரல், டென்மார்க்கின் மாபெருங் கப்பல் நிறுவனமாகிய மேர்ஸ்க்கின் கணினிகளை உலகெங்கும் அழித்தது. யார் யாரை உள்ளே விடலாம் என்று காட்டும் அடிப்படைப் பதிவேடு இல்லையேல் அவ்வலையை மீண்டும் கட்டல் இயலாது. அதன் பிரதிகள் யாவும் அழிந்தன, ஒன்று நீங்கலாக. ஆபிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில், தாக்குதல் நேர்ந்த வேளையில் மின்வெட்டு. அதனால் அங்கிருந்த கணினி வலையினின்று விலகி நின்று தப்பிற்று. அவ்வொரு பிரதியைக் கொண்டே 4,000 சேவையகங்களும் 45,000 கணினிகளும் பத்து நாட்களில் மீளக் கட்டப்பெற்றன. மின்வெட்டை வைதே பழகிய நாம், அதனால் உலக வாணிகம் பிழைத்த கதையையும் அறிந்துகொள்வோமாக. ஆயின் தற்செயலை நம்பியிருத்தல் தகாது. நம் முன்னோர் விதைநெல்லை உணவுநெல்லோடு ஒரே பட்டறையில் இட்டாரல்லர். வேறாகக் கட்டி வேறிடத்து வைத்தனர். பஞ்சம் வந்தபோதும் அதனைத் தொட்டாரல்லர். மேலதிகப் பிரதி என்பது அத்தகைய விதைநெல்லே.

இலங்கை இத்துறையில் யாதுஞ் செய்யவில்லை என்று கூறுதல் பொருந்தாது. 2006 ஆம் ஆண்டிலே 'சேர்ட்' எனச் சுருங்க அழைக்கப்பெறும் கணினி அவசரத் தயார்நிலை அணி நிறுவப்பெற்றது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் பிறர் கணினியுட் புகுதலைக் குற்றமாக்கிற்று. 2015 ஆம் ஆண்டிலே, இணையக் குற்றம் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையில் தெற்காசிய நாடுகளுள் முதலாவதாக இலங்கை சேர்ந்தது. வங்கிகட்கெனத் தனியணி ஒன்று அமைந்தது. 2019 முதல் 2023 வரைக்குமான தேசிய உபாயத் திட்டம் ஒன்று வகுக்கப்பெற்றது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கமாக நிறைவேறிற்று. ஆயினும் முதற்றிட்டக் காலம் முடியுமுன்பே அரசின் சொந்தக் கடிதங்கள் மூன்று மாதத்தன மறைந்தன. சட்டமும் திட்டமும் தாளில் இருத்தல் வேறு, அவை அலுவலக மேசையில் வழங்குதல் வேறு என்பதை இது காட்டுகின்றது.

இவ்விடைவெளியை நிரப்புவது யாது? ஆராய்ச்சி என்போம். ஆராய்ச்சிக்கு வித்து உண்மைச் செய்தி. உரக்கடைக்கார நண்பரின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அவர்போல் வெட்கி மறைத்தவர் எத்துணையரோ, அத்துணையரையும் விடுத்தே கொள்கை வகுக்கப்படும். நோயை மறைத்தவனுக்கு மருத்துவன் யாது செய்வான்? தாக்குண்டவரைப் பழிக்காது கேட்கும் இடம் ஒன்று மாவட்டந்தோறும் வேண்டும். அதுவும் அவர்தம் மொழியிலே வேண்டும். எச்சரிக்கையும் பயிற்சி நூலும் நல்ல தமிழில் அமையாதவிடத்து, இலிகிதரும் கடைப்பையனும் அவற்றைக் கற்பது எங்ஙனம்? 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி, 2021 ஓகஸ்டிலே தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் நம் அயலிலேயே உள்ளது. பிரயோக விஞ்ஞானமும் வியாபாரக் கற்கையும் தொழினுட்பமும் அங்கு ஒருங்கே பயிலப்படுகின்றன. இச்சிறு வணிகரின் இடர்களை ஆராய்தற்கு இதனினும் ஏற்ற இடம் வேறில்லை. அரசும் வணிகர் சங்கங்களும் அதற்குத் துணைநிற்றல் வேண்டும்.

பழைய மாணவராகிய நாம் இன்று அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பாடசாலைகளிலும் கடைகளிலும் பரந்துள்ளோம். நாம் செய்யக்கூடியன சில. வாரந்தோறும் ஒரு பிரதி எடுத்து, அதனைக் கணினியினின்று கழற்றி வேறிடத்து வைப்போமாக. ஆண்டிற்கு ஒருமுறையேனும் அதனைத் திறந்து பார்ப்போமாக. திறக்கப்படாத பிரதி முளைப்பு நோக்காத விதையை ஒக்கும். ஒரே கடவுச்சொல்லை எல்லாப் பூட்டுக்கும் வைத்தலை விடுத்து, வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் கைபேசி வழி இரண்டாம் உறுதிப்பாட்டையும் சேர்ப்போமாக. காலாவதியான மென்பொருளைக் கைவிடுவோமாக. பணம் அனுப்பச் சொல்லும் செய்தி மேலதிகாரியின் பெயரில் வரினும், தொலைபேசியில் அவர் குரலைக் கேட்ட பின்னரே அனுப்புவோமாக. கணினி நின்றால் ஒரு நாளேனும் கையால் வேலை நடத்தும் முறையை இளையோர்க்குப் பழக்குவோமாக. தாக்குண்டால் மறையாது அறிவிப்போமாக.

மழைக்காலத்திற் குளக்கட்டு உடைவது பெருவெள்ளத்தால் மாத்திரம் அன்று. கட்டிலே நண்டு தோண்டிய சிறுவளையாலும் உடையும். கட்டைக் காப்பவர் கொழும்பிலுள்ள பொறியியலாளர் மாத்திரமல்லர்; நாடோறும் கட்டின்மேல் நடக்கும் ஊரவரும் ஆவர். வள்ளுவர் அரணுக்கென ஓரதிகாரம் வகுத்து, அதன் உயரம், அகலம், திண்மை யாவும் கூறி, முடிவிலே காப்போரிடத்துச் செயற்றிறன் இல்லையேல் அரணாற் பயனில்லை என்றார். கணினியரணுக்கும் அவ்வுரை முற்றும் பொருந்தும்.

தம் ஆவணங்களை ஒருமுறை இழந்த மக்கள் மறுமுறையும் இழத்தல் ஆகாது. நம் கல்லூரித் தாயின் நிறைவிழாக் காலத்திலே, அவள் மடியிற் கற்ற எழுத்தையும் எண்ணையும் காக்கும் பொறுப்பை யாம் ஒவ்வொருவரும் ஏற்போமாக. கல்லூரி வாழ்க! அவள் புகழ் ஓங்குக!