இந்தியா என்று காட்டும், லண்டன் வழியாகப் போகும்

விபிஎன் போட்டதும் இணையம் ஊர ஆரம்பித்தால், பலரும் முதலில் திட்டுவது பிராட்பேண்ட் நிறுவனத்தை. அடுத்து 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 200 ஆக்குவார்கள். பெரும்பாலும் அது தண்டச் செலவு. தரவு எந்த வழியாகச் சுற்றிப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தச் சுற்று வந்த கதை இது: 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பயனர் பதிவே வைப்பதில்லை என்று சொல்லி வியாபாரம் செய்தவர்களுக்கு அது எப்படி ஒத்துவரும்? எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் மூன்றும் இந்தியாவில் இருந்த சர்வர்களை விலக்கிக்கொள்வதாக ஜூன் மாதத்துக்குள் அறிவித்தன. எக்ஸ்பிரஸ்விபிஎன் ‘இந்தியா’வைப் பட்டியலில் விட்டுவைத்தது. ஆனால் அந்த இயந்திரங்கள் இருப்பது சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும். ஐபி முகவரி மட்டும் இந்தியாவுடையது.

மதுரையில் இருப்பவர் பிரிட்டன் வழி ‘இந்தியா’வைத் தேர்ந்தெடுத்து, சென்னை சர்வரில் உள்ள தளத்தைத் திறந்தால் என்ன ஆகும்? கோரிக்கை லண்டன் போய்ச் சென்னைக்குத் திரும்பும். பதிலும் அதே சுற்று சுற்றும். ஒரு வழிக்கு நேர்கோட்டிலேயே 8,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும் என்பதால், நான்கு நடைக்குக் குறைந்தது 160 மில்லிவினாடி. கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை. நிஜத்தில் இன்னும் கூடும். எவ்வளவு பெரிய திட்டம் வாங்கினாலும் இந்தத் தாமதம் குறையாது.

அதனால் விபிஎன்னை அணைத்து ஒரு முறை, போட்டு ஒரு முறை பிங் (தரவு போய்த் திரும்பும் நேரம்) பார்க்க வேண்டும். முடிந்தால் வைஃபையை விட்டு லேன் கேபிளில். அணைத்திருக்கும்போதே மோசம் என்றால் விபிஎன்னைக் குறை சொல்லிப் பயனில்லை. போட்டதும் பிங் எகிறினால், பக்கத்து நாட்டு சர்வருக்கு மாறிப் பார்க்கலாம்.

தூரம் குறைவு, ஆனாலும் மந்தமா? செட்டிங்ஸில் புரோட்டோகால் ‘ஓபன்விபிஎன் டிசிபி’ என்று இருக்கிறதா பாருங்கள். தொலைந்த பாக்கெட்டை உள்ளே ஓடும் டிசிபியும் மறுபடி அனுப்பும், வெளியே சுற்றியிருக்கும் டிசிபியும் அனுப்பும்; லைன் கொஞ்சம் சொதப்பினாலும் இரண்டும் மோதி வேகம் படுத்துவிடும். யுடிபிக்கோ வயர்கார்டுக்கோ மாற்றுவது நல்லது. சுமார் 4,000 வரி நிரலில் அடங்கும் வயர்கார்டு, 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது. யுடிபியை அடைத்து வைத்திருக்கும் ஓட்டல் வைஃபையில்தான் டிசிபிக்கு வேலை.

எல்லாவற்றையும்விடக் குழப்புவது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. பிங் ஒழுங்காக வரும், சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்போ வீடியோவோ பாதியில் நிற்கும். வழக்கமாக இந்த உச்ச அளவு 1,500 பைட். பிபிபிஓஇ வகை பிராட்பேண்ட் இணைப்பு அதில் 8 பைட்டையும், வயர்கார்டு 60 முதல் 80 பைட்டையும் எடுத்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் அடங்காத பாக்கெட் வழியில் தொலைகிறது. எம்டியுவை 1,280க்கு இறக்கியதும் சரியானால், நோய் இதுதான்; பிறகு மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.

அலுவலக விபிஎன் கதை வேறு. பல நிறுவனங்களில் ஊழியரின் வீடியோ அழைப்புகூடத் தலைமையகம் போய்த்தான் வெளியேறும். கொரோனா முடக்கத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து நுழைந்தபோது, ஆபிஸ் 365 போக்குவரத்தை விபிஎன்னுக்கு வெளியே நேராக விடும்படி நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்டே பரிந்துரைத்தது. ‘ஸ்ப்ளிட் டனல்’ எனப்படும் அந்த வசதியை ஊழியர் தாமாகத் திறக்க முடியாது. ஐடி பிரிவுதான் அனுமதிக்க வேண்டும். இரண்டு பிங் அளவுகளையும் கையோடு கொண்டுபோனால் பேச்சு சீக்கிரம் முடியும்.