தீப்பொறியின் நேரம் காட்டும் மின்குமிழ்

மாணவர்களே, 1948இல் அறிமுகமான மோரிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் தீப்பொறி முந்தினாலும் பிந்தினாலும் இயந்திரத்தின் ஆற்றல் குறையும். அதன் நேரத்தைச் சரிபார்க்கும் கருவியை, பெரியவர் துணையுடன் வீட்டிலேயே செய்யலாம்.

12 வோல்ட் சிறு மின்குமிழில் இரு கம்பிகளை இணையுங்கள். ஒன்றின் நுனியை, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய கம்பியின் முனையில் மாட்டுங்கள். மற்றதை இயந்திரத்தின் உலோகப் பகுதியில் மாட்டுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சாவியைத் திருப்பி மின்சாரம் மட்டும் கொடுத்து, இயந்திரத்தைக் கைப்பிடியால் மெல்லச் சுழற்ற வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தொடுமுனைகள் சேர்ந்திருக்கும்போது, மின்சாரம் தடை குறைந்த அவ்வழியே போய்விடும், குமிழ் எரியாது. அவை பிரிந்ததும் குமிழ் வழியே பாயும், குமிழ் எரியும். தீப்பொறி பிறப்பதும் அதே கணத்தில்தான்! அப்போது இயந்திரத்திலுள்ள நேரக்குறிகள் பொருந்தவில்லையென்றால், டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே திருப்பிச் சரிசெய்யலாம்.