ஸ்வரமும் கணக்கும்

பிள்ளைகள் மேல்வகுப்பை எட்டியதும் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு காட்சி தவறாமல் நிகழ்வதைப் பார்க்கிறோம். வீணை உறைக்குள் புகும். மிருதங்கம் பரண்மேல் ஏறும். வர்ணப் பெட்டி தம்பி கைக்குப் போய்விடும். "முதலில் கணக்கும் விஞ்ஞானமும், பாட்டும் படமும் பிறகு" என்பது பெற்றோரின் தீர்ப்பு. அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதேயில்லை.

இதைப் பிறர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்றுபோய், ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நாமும் சென்ற ஆண்டு அவ்வாறே செய்தோம். ஏழாம் வகுப்பில் படிக்கும் நம் மகளுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. மறுநாளே அவளுடைய பாட்டு வகுப்பை நிறுத்தினோம். மூன்று மாதங்கள் சென்றன. மதிப்பெண் ஏறவில்லை, வீட்டில் பாட்டுச் சத்தம் மட்டும் அடங்கிப் போயிற்று.

நாம் வாழும் இந்நகரமோ அப்படிப் பிரித்துப் பார்த்த நகரமன்று. 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா பல மொழிகளில் கீர்த்தனங்கள் இயற்றிய இசைவாணர் என்பதை யாவரும் அறிவோம். நவராத்திரி மண்டபத்தில் இன்றும் அவருடைய கிருதிகள் பாடப்படுகின்றன. அதே மன்னர்தாம் 1837ஆம் ஆண்டில் இந்நகரின் குன்றொன்றின்மேல் வான ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். அதன் முதல் தலைவரான ஜான் கால்டெகாட், ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வர்த்தகப் பிரதிநிதியாக இருந்தவர். வானியல் அவருக்கு ஆசைக்கல்வி. அக்கூடம் இப்போது கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. ஒரே மனத்தில் தம்புராவும் தொலைநோக்கியும் சண்டையின்றிக் குடியிருந்தன.

அவருடைய அவையை அணிசெய்தவர்களில் ஒருவர் நம்மைப்போல் பிழைப்பை நாடி இங்கு வந்த தமிழர். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவைத்தான் சொல்கிறோம். ஐரோப்பிய வாத்தியமான வயலினைக் கருநாடக இசைக்கு உரியதாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். மன்னர் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார் என்பது வரலாறு. புதிய கருவியை அந்நியம் என்று தள்ளாமல், அதன் தந்தியில் நம் கமகம் பிறக்குமா என்று சோதித்துப் பார்த்தவர் அவர். விஞ்ஞானியின் குணமும் இதுவேயல்லவா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயலின் வாசிப்பில் பழக்கமுள்ள அண்டை வீட்டுப் பெரியவர் வந்திருந்தார். பாட்டு வகுப்பு நின்றுபோன செய்தியைக் கேட்டதும் நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா குழந்தே, மேளகர்த்தா எழுபத்திரண்டு என்று பாடமாயிற்றே, ஏன் எழுபத்திரண்டு? எழுபது ஏன் இல்லை?" என்று மகளிடம் கேட்டார். அவள் விழித்தாள். "உன் பாட்டியின் கோலமாவைக் கொண்டு வா" என்றார்.

தரையில் நான்கு புள்ளிகள் வைத்தார். ஸட்ஜத்திற்கும் மத்திமத்திற்கும் நடுவே உள்ள நான்கு இடங்கள் அவை. அவற்றில் இரண்டைத் தேர்ந்து கீழதை ரிஷபமாகவும் மேலதைக் காந்தாரமாகவும் கொள்ள வேண்டும். எத்தனை வகையில் தேரலாம்? மகள் புள்ளிகளை இரண்டிரண்டாக இணைத்து எண்ணினாள், ஆறு வந்தது. பஞ்சமத்திற்கு மேலும் அவ்வாறே தைவதத்திற்கும் நிஷாதத்திற்கும் ஆறு. மத்திமம் இரண்டு வகை. "ஆறாறு முப்பத்தாறு, இரண்டால் பெருக்கினால் எழுபத்திரண்டு!" என்று அவள் கூவியபோது, அடுக்களையிலிருந்து அவளுடைய பாட்டியே வெளியே வந்துவிட்டார். மேல்வகுப்பில் கற்பிக்கும் கணக்கு கோலமாவில் விளங்கிவிட்டது.

பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி வகுத்த திட்டம் இது. பின்வந்தோர் மேளங்களுக்குப் பெயர் வைக்கையில் கடபயாதி என்னும் எண்முறையைக் கையாண்டனர். கிரந்த எழுத்து வரிசையில் ஒவ்வொரு மெய்யும் ஓர் எண்ணைக் குறிக்கும். 'மாயாமாளவகௌளை'யில் முதலெழுத்து ம ஐந்து. அடுத்த ய ஒன்று. வலமிருந்து படித்தால் 15. அது பதினைந்தாவது மேளம். 'ஹரிகாம்போதி'யில் ஹ எட்டு, ர இரண்டு, ஆகவே 28. இதே முறையில்தான் கேரளத்துக் கணித மேதை சங்கமகிராம மாதவன் தம் சைன் அட்டவணையைச் சொற்களில் பொதிந்து வைத்தார். பாட்டு வாத்தியாரும் சோதிட கணிதரும் ஒரே பூட்டுக்கு ஒரே சாவியை வைத்திருந்தார்கள்!

அலுவலகத்தில் உழைக்கும் நம் போன்றோர்க்கு ஊக்கமளிக்கும் இன்னொரு வாழ்வும் உண்டு. திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1907 முதல் பத்தாண்டுகள் அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகம் பார்த்தவர். கல்கத்தாவில் அலுவல் நேரம் போக எஞ்சிய வேளையில் ஆராய்ச்சி செய்தவர். வயலின், வீணை, மிருதங்கம் ஆகியவற்றின் நாதத்தை அவர் ஆராய்ந்தார். மிருதங்கத்தின் வலந்தலையில் பூசிய கருவட்டமே அதன் ஒலிக்கு ஸ்வரத்தன்மையைத் தருகிறது என 1920ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி விளக்கிற்று. பெயரறியாத நம் கைவினைஞர்கள் கண்டதை விஞ்ஞானம் தலைவணங்கி ஏற்றுக்கொண்டது.

பாட்டியின் கோலமும் அப்படியே. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் சக ஆய்வாளருடன் சேர்ந்து, கோலம் வளரும் விதிகளைக் கணினி இயலின் இலக்கணமாக வகுத்து 1974ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் குனிந்து இழை போட்ட நம் தாய்மார் அந்த இலக்கணத்தை எழுதாமலே அறிந்தவர்கள்.

இசை கற்றால் மதிப்பெண் கொட்டும் என்று நாம் ஆசை காட்டவில்லை. மகள் மறுபடியும் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். கணக்கில் முதல் மாணவியாகி விடவில்லை. ஆனால் முன்பு "விடை என்ன?" என்று மட்டும் கேட்டவள் இப்போது "ஏன்?" என்று கேட்கிறாள். அந்த ஒரு சொல்லை வீட்டிலிருந்து துரத்த இருந்தோமே என்று நினைக்கையில் வெட்கம் பிடுங்குகிறது.

அன்பர்கள் இந்த ஞாயிறன்று ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். பலகையில் இரண்டு ஆணிகளை 60 சென்டிமீட்டர் இடைவெளியில் அறைந்து, ஒரு கம்பியை இறுகக் கட்டி மீட்டுங்கள். அதிரும் பகுதி 45 சென்டிமீட்டராகுமாறு அடியில் சிறு கட்டையை வைத்தால் மத்திமம், 40இல் பஞ்சமம், 30இல் மேல் ஸட்ஜம். பின்னம் காதில் விழும்! செலவு சில ரூபாய்தான். பரண்மேல் ஏறிய மிருதங்கத்தைக் கீழே இறக்கச் செலவு அதுவும் இல்லை.