இரவு மூச்சும் இருதயமும்

உறக்கத்தில் உரத்துக் குறட்டை விடுபவரைக் கண்டால் ‘அசந்த நித்திரை’ என்று கூறிச் சிரிப்பது எமது வீடுகளில் வழமை. ஆனால் அக்குறட்டை இடையில் திடீரென நின்று, சிறிது நேரம் அறையே அமைதியாகி, பின்னர் திணறலுடன் மீண்டும் தொடங்குமாயின் அது நல்ல நித்திரையின் அடையாளமன்று. தொண்டைப் பகுதியில் மூச்சுப்பாதை அடைபட்டு, உறங்குபவர் அறியாமலே அவரது சுவாசம் நின்று மீள்கின்றது என்பதே அதன் பொருள். பகலில் குருதியமுக்கத்தை அளந்து பார்க்கின்ற நாம், இரவில் இருதயம் படுகின்ற பாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்க இருதயச் சங்கம் கூட, இருதய நலத்துக்கு இன்றியமையாதவை என்று தான் வகுத்திருந்த ஏழு விடயங்களுடன் எட்டாவதாக உறக்கத்தைச் சேர்த்துக் கொண்டது 2022ஆம் ஆண்டில்தான்.

உறக்கத்தில் சுவாசம் பத்து செக்கன்களுக்குக் குறையாமல் தடைப்படுவதையே வைத்தியர்கள் கணக்கில் எடுக்கின்றனர். இவ்வாறு சுவாசம் நிற்பதும் குன்றுவதுமாக மணித்தியாலத்துக்கு ஐந்து தடவைக்கு மேல் நிகழ்ந்தால் அது கவனிக்கப்பட வேண்டிய நிலை. முப்பதைத் தாண்டினால் கடுமையான நிலை. ஒவ்வொரு தடவையும் குருதியிலுள்ள ஒட்சிசன் குறைகின்றது. மூளை அபாயத்தை உணர்ந்து உடலை உசுப்புகின்றது. குருதிக்குழாய்கள் சுருங்கி, அமுக்கம் சட்டென உயர்கின்றது. அடைபட்ட பாதையினூடாகக் காற்றை இழுக்க நெஞ்சு முயல்கையில், அந்த இழுவிசை இருதயத்தின் மெல்லிய மேலறைகளையும் விரித்து விடுகின்றது. ஓய்வு பெற வேண்டிய நேரத்தில் இருதயம் இரவு முழுவதும் இவ்வாறு அல்லற்படுகின்றது. இரண்டு மூன்று வகை மாத்திரைகளுக்கும் அடங்காத குருதியமுக்கம், ஒழுங்கற்ற இருதயத் துடிப்பு, பக்கவாதம் ஆகியவற்றுடன் இந்நோய்க்கு உள்ள தொடர்பு இன்று நன்கு அறியப்பட்டதாகும்.

மல்லாந்து படுக்கும்போது நாக்கும் உள்நாக்கைச் சூழ்ந்த மென்தசையும் புவியீர்ப்பினால் பின்னோக்கிச் சரிந்து தொண்டையை அடைக்கின்றன. ஒருக்களித்துப் படுத்தால் அந்த அடைப்புப் பெரிதும் குறைகின்றது. இந்நோயாளரில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு, மல்லாந்து உறங்கும்போதே தடைகள் இரட்டிப்பாகின்றன. உறக்கத்தில் தம்மையறியாமல் புரண்டு மல்லாந்து விடுவோருக்கு, இரவுச் சட்டையின் முதுகுப்புறத்தில் ஒரு டெனிஸ் பந்தை வைத்துத் தைத்துக் கொள்ளுமாறு கூறும் வழக்கம் வைத்தியர்களிடையே நெடுநாளாக உண்டு. கேட்பதற்கு வேடிக்கையாயினும் செலவற்ற உபாயம் அது. இரவில் மது அருந்துவதும், ஆலோசனையின்றி நித்திரை மாத்திரை விழுங்குவதும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி அடைப்பை அதிகரிக்கச் செய்யும்.

இடப்பக்கமா, வலப்பக்கமா என்ற கேள்வி இங்கு எழும். சித்த வைத்திய மரபு இடப்பக்கம் சரிந்து உறங்குவதை விதந்துரைக்கின்றது. வலப்பக்கமாகப் படுப்பது நபிவழி என்பதை முஸ்லிம் வாசகர்கள் அறிவர். ஆரோக்கியமான இருதயம் உள்ளவருக்கு இவ்விரண்டில் எதுவும் தீங்கன்று. உணவு எதுக்களித்து நெஞ்செரிவால் வருந்துவோருக்கு இடப்பக்கம் சற்று இதமளிக்கும். இருதயம் பருத்துப் பலவீனமடைந்தவர்களில் பலரோ இடப்பக்கம் படுத்தால் மூச்சு முட்டுவதாகக் கூறுவர். அவர்கள் வலப்பக்கத்தையே நாடுகின்றனர். உடல் கேட்கின்ற பக்கத்துக்கு அதனை விட்டு விடுவதே முறை. 28 வாரங்களைக் கடந்த கர்ப்பிணிகள் மாத்திரம், எப்பக்கமாயினும் ஒருக்களித்தே உறங்கச் செல்ல வேண்டும்.

குறட்டையை விடவும் அவசரமான அறிகுறி ஒன்று உண்டு. ஒரு தலையணையுடன் உறங்கி வந்தவர் இரண்டு, மூன்று என்று அடுக்கத் தொடங்குகின்றார். பின்னர் சாய்மனைக் கதிரையிலேயே இரவைக் கழிக்கின்றார். அல்லது படுத்து ஓரிரு மணித்தியாலத்தில் மூச்சுத் திணறி எழுந்து, யன்னலைத் திறந்து வைத்துக் கொண்டு நிற்கின்றார். இது இருதயம் தளர்ந்து வருவதன் அறிகுறியாக இருக்கலாம். பகலில் கால்களில் தேங்கிய நீர், படுத்தவுடன் குருதியோட்டத்துக்குத் திரும்புகின்றது. பலவீனமான இருதயத்தால் அதனை இறைத்து முடிக்க இயலாமையால் நுரையீரலில் நீர் கோத்துக் கொள்கின்றது. எமது மூத்தவர்கள் பலர் இதனைத் ‘தொய்வு’ என்றும் ‘முட்டு’ என்றும் எண்ணி, பழைய மருந்தை ஊதிக் கொண்டு மாதக் கணக்கில் காத்திருப்பது வேதனைக்குரியது. கணுக்கால் வீக்கமும் சேர்ந்திருப்பின் ஒரு நாளேனும் தாமதித்தல் ஆகாது. இங்கே படுக்கும் முறையை மாற்றிச் சமாளிப்பது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

பகல்வேளைச் சுவாசத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். வளர்ந்தோர் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகின்றனர். இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஜெபமாலை செபிக்கும்போதும் மந்திரம் உச்சரிக்கும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குத் தணிவதையும், குருதியமுக்கத்தைச் சீர்செய்கின்ற நரம்புத் தொழிற்பாடு மேம்படுவதையும் கண்டனர். ஓதப்படும் சொல் எதுவாயினும், மூச்சின் நிதானமே இங்கு வேலை செய்திருக்கின்றது. மூக்கினால் நான்கு செக்கன் உள்ளிழுத்து, ஆறு செக்கன் ஆறுதலாக வெளிவிட்டால் அந்த ஆறு என்ற கணக்கு வரும். இதனால் குருதியமுக்கம் குறைவது சில மில்லிமீற்றர் அளவிலேயே. இதை நம்பி மாத்திரையை நிறுத்துவோர் பக்கவாதத்தை வரவழைத்துக் கொள்வர்.

கடுமையான சுவாசத் தடைக்கு, காற்றை அமுக்கத்துடன் மூக்கினூடாகச் செலுத்தும் கருவி உண்டு. அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் 1981இல் அறிமுகப்படுத்தியது. பகல் தூக்கத்தையும் களைப்பையும் அது நீக்குகின்றது. குருதியமுக்கத்தையும் ஓரளவு தணிக்கின்றது. ஆயினும் ஏற்கனவே இருதய நோயோ பக்கவாதமோ கண்டவர்களிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான பெரும் ஆய்வொன்றில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை அது குறைத்ததாகக் காணப்படவில்லை. அவர்கள் சராசரியாக இரவில் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகவே அதனை அணிந்திருந்தனர் என்பதும் கவனிக்கத்தக்கது. எமது நாட்டில் சாதாரண குடும்பமொன்றுக்கு அக்கருவியின் விலை எட்டாக்கனியே. உறக்கத்தை ஆய்வு செய்யும் வசதியும் எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. உடற்பருமனைக் குறைத்தலும் படுக்கும் நிலையை மாற்றுதலும் இங்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுவது அதனாலேயே. பத்து வீத எடை குறைந்தாலே தடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழக் கால்வாசி குறைவதாக அறியப்பட்டுள்ளது.

சனம் நிறைந்த கிளினிக்குகளில் வைத்தியர்கள் அமுக்கத்தையும் சீனியையும் பார்த்து அனுப்புவதற்கே நேரம் போதாது. எத்தனை தலையணை வைக்கின்றீர்கள், குறட்டை நின்று போகின்றதா என்று அவர்கள் கேளாவிடின் நோயாளரே அதனைக் கூறலாம். உறங்குபவருக்குத் தன் மூச்சு நின்றது தெரியாது. ஆகவே அருகில் படுப்பவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. இயலாவிடின், கைத்தொலைபேசியில் சில நிமிடங்கள் பதிவு செய்து கொண்டு போனாலும் போதும்.