அத்தை வீட்டுக் கரண்ட் பில்

காடாம்புலியூரில் அத்தை வீட்டுக் கூடத்தில், முருகன் காலண்டருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் உறை தொங்கும். அதற்குள் ரேஷன் கார்டு, பாஸ்புக், நான்காக மடித்து மடிப்பில் கிழியத் தொடங்கிய மின் கட்டண அட்டை. ரீடிங் எடுப்பவர் வந்துபோன அன்றே காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிடுவார் அத்தை. அதிலிருந்து இருபது நாள். மாமா இருந்தவரை அது மாமாவின் வேலை. அவர் போன பிறகு அத்தை தானாகவே எடுத்துக்கொண்டார்.

போன கோடையில் நான் சென்னையிலிருந்து போனிலேயே பணத்தைக் கட்டிவிட்டேன். பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பில் அத்தையிடம் சொல்லக்கூட இல்லை. அவர் முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு பஸ் ஏறிப் போய், கவுன்டரில் வரிசையில் நின்று, "ஏற்கெனவே கட்டியாச்சும்மா" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறார். இரவு போன் வந்தது. "வெயில்ல அலைஞ்சேன்பா. கட்டுனா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?" அலைந்ததற்காக மட்டும் அவருக்குக் கோபமில்லை. தன் வீட்டுக் கணக்கு தனக்குத் தெரியாமல் முடிந்துவிட்டதே என்பதுதான் அவரை வருத்தியது. வயதான சொந்தக்காரர்களுக்குக் கரண்ட் பில் விஷயத்தில் உதவ நினைக்கும் எவரும் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். கட்டுவது யாராக இருந்தாலும், கணக்கு அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

அதற்குக் கணக்கின் உள்விவரம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். பதிவான நாளிலிருந்து கட்டுவதற்கு 5 நாள், அதன்பின் இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 நாள் அவகாசம். இரண்டும் சேர்ந்ததுதான் அத்தையின் இருபது நாள். அதையும் தாண்டினால் ஃப்யூஸைப் பிடுங்கிவிடுவார்கள். திரும்பப் போட தனிக் கட்டணம்.

2016 மே மாதத்தில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமானது. அதற்கு மேல் கட்டணம் படிப்படியாக ஏறும். அதில் ஒரு படி மட்டும் செங்குத்தானது. 2022 செப்டம்பர் 10 அன்று அமலுக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 500 யூனிட் வரை ஓடிய வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 25 காசு; 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு; 401 முதல் 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், அந்த 2 ரூபாய் 25 காசு சலுகை போய், 101-இலிருந்தே 4 ரூபாய் 50 காசாகிவிடும். பில் 1,958 ரூபாய். ஒரு யூனிட்டுக்காக 233 ரூபாய்! அதற்குப் பிறகு கட்டணம் இன்னும் உயர்ந்திருக்கிறது. ஆனால் இந்தப் படியின் வடிவம் மாறவில்லை. ரீடிங் எடுப்பவர் ஒரு வாரம் தள்ளி வந்தால் மக்கள் கவலைப்படுவது இதனால்தான். மாதாமாதம் ரீடிங் வேண்டும் என்ற கோரிக்கையும் இதிலிருந்துதான் வலுப்பெற்றது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிகளில் அதுவும் ஒன்று.

அத்தைக்கு இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி: "எவ்ளோ ஓடியிருக்குன்னு நடுவுலயே பாத்துக்க முடியுமா?" முடியும். மீட்டர் திரையில் தேதி, நேரம், வோல்ட் என்று எண்கள் மாறி மாறி ஓடும். கிலோவாட் மணி என்பதற்கான குறியோடு வரும் எண்ணிலிருந்து போன ரீடிங்கைக் கழித்தால் வருவதுதான் ஓடிய யூனிட். ஸ்டூல் போட்டு ஏறாமல் தெரியும் உயரம்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது மாதம் ஒன்றாம் தேதி அத்தை அந்த எண்ணை காலண்டர் தாளில் எழுதுகிறார். போன சித்திரையில், ஐந்நூறை நெருங்குகிறது என்று அவராகவே கண்டுபிடித்து, மோட்டாரைக் குறைத்துப் போட்டார்.

பணம் கட்டும் வழிகள் நிறைய: கவுன்டர், இ-சேவை மையம், மின்வாரிய இணையதளம், கூகுள் பே, போன்பே. ஊருக்கு எப்போதாவது வருகிறவர்கள் முன்பணமாக ஒரு தொகை கட்டிவைக்கலாம். பில் போடப் போட அதிலிருந்து கழியும். தவறி இரண்டு முறை கட்டினாலும் அதிகப்படி தொகை அடுத்த பில்லில் நேராகிவிடும். எங்கள் ஏற்பாடு எளிது. ரீடிங் வந்ததும் அத்தை போனில் தொகையைப் படிப்பார், நான் கட்டுவேன், ரசீது எண்ணை வாசிப்பேன், அவர் அட்டையில் எழுதிக்கொள்வார். பணத்தை நான் ஊருக்குப் போகும்போது கையில் கொடுத்துவிடுவார். வேண்டாமென்றால் கேட்பதில்லை.

மின்வாரியத்தில் எந்தக் கைபேசி எண்ணைப் பதிவது என்பதில் எனக்குத் தடுமாற்றம் இருந்தது. என்னுடையதைக் கொடுத்தால் வேலை சுலபம், ஆனால் அத்தைக்குக் குறுஞ்செய்தி வராது. அத்தையின் எண்ணையே பதிந்தோம். அதோடு ஒரு பயமும் கூட வந்தது. 2022-இல் நாடெங்கும் ஒரு போலிச் செய்தி பரவியது: போன மாத பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் பேசுங்கள். பேசினால், எனிடெஸ்க் மாதிரி ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். பிறகு பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொல்வார்கள். அந்தச் செயலி வழியாக நம் திரை முழுவதும் அவர்களுக்குத் தெரியும், ஓடிபி உட்பட. கணக்கு காலியாகும்.

படித்தவர்களும் இதில் மாட்டினார்கள். எங்கள் பக்கத்து வயதானவர்களுக்கு மின்சாரம் போய்விடும் என்ற சொல்லே தனி பயம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரியையும் பலாவையும் கம்பங்களையும் ஒன்றாகச் சாய்த்துப்போட்ட பிறகு, நாள் கணக்கில் இருட்டில் கிடந்தவர்கள் அவர்கள். பக்கத்திலேயே நெய்வேலியில் 1962-இலிருந்து மின்சாரம் தயாராகிறது. அந்த நாட்களில் விளக்கு எரியாத வீட்டில் அது எந்த ஆறுதலும் தரவில்லை.

அத்தையிடம் சொல்லி வைத்திருப்பது இவ்வளவுதான். உண்மையான செய்தியில் நம் சர்வீஸ் நம்பர், தொகை, கடைசித் தேதி இருக்கும். யாரோ ஒருவரின் நம்பருக்குப் போன் பண்ணச் சொன்னால் பண்ணாதீர்கள். சந்தேகம் வந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண், 1930. இரண்டு எண்களும் பெரிய எழுத்தில் காலண்டர் அட்டையின் பின்புறம் இருக்கின்றன.

இன்னும் ஒரு வேலை பாக்கி. இணைப்பு மாமா பெயரிலேயே இருக்கிறது. பில் கட்ட அது தடையில்லை. ஆனால் பின்னால் இணைப்பில் எந்த மாற்றம் செய்யவும் சிக்கல் வரும். வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். அத்தைதான் தள்ளிப்போடுகிறார். "முந்திரிக் கொட்டை எடுத்து முடியட்டும்பா" என்றார். கொட்டை எடுத்து முடிந்தது. இப்போது ஆடி போகட்டும் என்கிறார். அட்டையின் மேல் வரியில் மாமாவின் பெயர், இனிஷியலோடு, மை மங்கியும் இன்னும் படிக்க முடிகிறது.